ஏனர்ஹௌகன் குன்றும் நமது நீரிழிவும்



அண்மையில் ஓர் அடக்கத் திருப்பலி முடிந்தபின் பெரியவர் ஒருவர் என் கைகளைப் பற்றிக்கொண்டு, "சுவாமி, சீனி வருத்தம் எங்கள் இரத்தத்தில் உள்ளது. ஆண்டவர் எழுதிவிட்டார்" என்றார். மறைந்தவருக்கு வயது ஐம்பத்திரண்டு. நெடுங்காலம் இரவு நேரத் துப்புரவுப் பணி செய்தவர். பெரியவருக்கு அவ்விடத்தில் மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை. இந்நகரின் வரலாற்றைத் துணைக்கொண்டு இங்கே கூற முயல்கிறேன்.

புனித ஹல்வார்ட் ஆலயம் நிற்கும் ஏனர்ஹௌகன் குன்றை நம்மில் பலர் அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்குன்று நகர எல்லைக்கு வெளியே இருந்தது. நகருக்குள் தீவிபத்துக்கு அஞ்சி, கல்லாலும் செங்கல்லாலுமே வீடு கட்டவேண்டும் என்று சட்டம் விதித்திருந்தார்கள். கூலியாட்களுக்கு அது எட்டாத செலவு. எனவே அவர்கள் எல்லைக்கு அப்பால் சின்னஞ்சிறு மரவீடுகளை நெருக்கியடித்து எழுப்பினார்கள். (அவற்றுள் சில இன்றும் பிக்டோய் நாட்டார் அருங்காட்சியகத்தில் உள்ளன. உள்ளே சென்று பாருங்கள். ஒரு குடும்பம் எவ்வளவு இடத்தில் வாழ்ந்தது என்பது விளங்கும்.) 1853இல் வாந்திபேதி என்னும் கொள்ளைநோய் வந்து, அன்று கிறிஸ்தியானியா எனப்பட்ட இந்நகரில் ஏறத்தாழ 1,600 உயிர்களைக் கொண்டுசென்றது.

ஏழைகள் தங்கள் குடியாலும் ஒழுக்கக்கேட்டாலுமே அழிகின்றனர் என்று சொல்வது அக்காலத்தில் எளிதாயிருந்தது. இறையியல் கற்ற ஐலர்ட் சுண்ட் என்பவர் அதை விசாரியாமல் ஏற்கவில்லை. நோர்வேயின் இறப்புகளைக் குறித்து 1855இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் பிப்பர்விகா, ருசலொக்பக்கன் பகுதிகளின் ஏழை மக்களை ஆராய்ந்து 1858இல் மற்றொன்று எழுதினார். பிற்காலத்தில் அவர் எய்ட்ஸ்வொல்லில் லூத்தரன் குருவானவராகப் பணியாற்றினார். மறையுரைக்கு முன்னர் கணக்கெடுக்கக் கற்றுக்கொண்ட மனிதர் என்பதால் எனக்கு அவர்மீது தனி மதிப்பு உண்டு. அந்தப் பிப்பர்விகாவில்தான் இன்று நகரமண்டபம் நிற்கிறது.

1930களில் மருத்துவப் பேராசிரியர் கார்ல் ஷொட்ஸ் வகுத்த "ஒஸ்லோ காலையுணவு" பள்ளிகளுக்கு வந்தது. முழுத்தானியப் பாண், பாற்கட்டி, பால், பழம் அல்லது கரட், குளிர்காலத்தில் மீனெண்ணெய். சமைக்கத் தேவையில்லாத இந்த எளிய உணவு பிற நாடுகளிலும் பேசப்பட்டது. பிள்ளைக்கு அறிவுரை கூறுவதோடு நில்லாமல் அதன் கையில் பாலையே கொடுத்தார்கள்.

ஆயினும் பிளவு மறையவில்லை. ஆக்கர் ஆற்றங்கரையில் ஆலைகள் எழுந்த கிழக்குப் பகுதியான சாகனேக்கும், மேற்கே செல்வர் வாழும் வின்டரனுக்கும் இடையே, 1990களின் கணக்கின்படி, ஆண்களின் ஆயுட்கால வேறுபாடு பத்தாண்டுகளுக்கும் மேல். ஒரே நகரம், ஒரே மருத்துவ வசதி!

நம்மவர் பெரும்பாலும் குடியேறியது கிழக்கில், குரூருட் பள்ளத்தாக்கில். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்து நாடுகளிலிருந்து ஒஸ்லோவில் குடியேறியோரிடம் நடத்திய ஆய்வில், நீரிழிவு இலங்கையரிடமும் பாகிஸ்தானியரிடமும் மிக அதிகமாகக் காணப்பட்டது. இரத்தத்துக்கும் அதில் பங்குண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் வயலிலும் கடலிலும் உழைத்த நம் பாட்டன்மாருக்கும் அதே இரத்தம்தானே? அவர்கள் காலத்தில் இந்நோய் இவ்வளவு பரவியிருக்கவில்லை. இரவுப் பணியும், குலைந்த உறக்கமும், நேரம் தவறிய உணவும், பனியில் வழுக்கும் என்று வீட்டிலேயே அடைந்துகிடக்கும் மாதங்களும் அவர்கள் அறியாதவை.

2000ஆம் ஆண்டு ரொம்சோஸில் ஒரு முயற்சி தொடங்கிற்று. நடைக்குழுக்கள் அமைத்தனர், பாதைகளுக்கு விளக்கிட்டனர், குளிர்காலத்தில் வழுக்காதவாறு மணல் தூவினர். மூன்றாண்டுகளின் பின், அத்தகைய முயற்சி நடைபெறாத ஃபுரூசெத்தோடு ஒப்பிட்டபோது ரொம்சோஸ் மக்கள் கூடுதலாக நடமாடினர். எடை ஏற்றமும் குறைவாயிருந்தது. மக்களின் இரத்தம் மாறவில்லை, பாதைதான் மாறியது.

அந்தப் பெரியவர் இதனை வாசிப்பார் என நம்புகிறேன். ஐயா, உங்கள் குடும்ப மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்காகப் பேரப்பிள்ளையை அழைத்துச் செல்லவேண்டாம். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவதை 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தடுக்கிறது. துணைக்கு ஒருவர் வேண்டுமாயின் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள், நான் வருகிறேன்.