ஆறு நகர்த்திய துறைமுகங்கள்

கொற்கைக்குப் போகிறவர்கள் அங்கே கடலைத் தேடினால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். பாண்டியரின் முத்துத்துறை என்று பள்ளிப் பாடத்தில் படித்த ஊரில் இன்று வாழைத் தோட்டமும் நெல்வயலும் ஒரு பெரிய குளமுமே கண்ணில் படும். கடலோ கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆனால் மண் எதையும் மறக்கவில்லை. இங்கே தோண்டியவர்களுக்குச் சங்குத் துண்டுகள் கிடைத்தன. வளையல் அறுத்தெடுத்த பிறகு எஞ்சிய கழிவுகள் அவை. 1968-69இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. பாண்டியர் நாணயம் அடித்த அக்காசாலையின் பெயர், அவ்வூர் ஈசுவரமுடையார் கோயிலின் பெயரோடு சேர்ந்து இன்றும் புழங்குகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளுஸ்’ இந்தத் துறையைக் கொல்கி என்று குறிக்கிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு பாண்டியர் இங்கே முத்துக்குளித்ததாகவும் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி, இன்று மன்னார் வளைகுடா எனப்படும் கடற்பரப்பையே கொற்கையின் பெயரால் அழைத்தார். அப்படிப்பட்ட துறைமுகம் எப்படி வயல்காடானது?

எதிரி படையெடுத்து அழித்த ஊரல்ல கொற்கை. அதை வளர்த்த தாமிரபரணியே அதைக் கடலிலிருந்து பிரித்தது. பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் குறு நதி அது. ஆனாலும் இரண்டு பருவமழையும் அதற்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் செம்மண்ணும் வண்டலும் கரைபுரண்டு வரும். வந்து சேரும் இடமோ அலை அடங்கிய கடல். கிழக்கே இலங்கை மறித்து நிற்கிறது. கரையை ஒட்டிப் பவளப் பார்களும் தீவுகளும் அரணாக நீள்கின்றன. ஓதத்தின் ஏற்றமும் இறக்கமும் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆறு கொட்டும் மண்ணை வாரிக்கொண்டு போகும் வலு அந்தக் கடலுக்கு இல்லை. சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன்பு இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்த கடல்மட்டம் பின்னர் தாழ்ந்ததும் இதற்குத் துணையாயிற்று. முகத்துவாரம் கிழக்கே நகர நகர, துறைமுகமும் அதன் பின்னாலேயே நகர்ந்தது.

இந்த நகர்வை முதன்முதலில் வரிசைப்படுத்திச் சொன்னவர் இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல். 1870களில் அவர் கொற்கையிலும் பழையகாயலிலும் சிறு அளவில் தோண்டிப் பார்த்து, 1877இல் அதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். கொற்கைத் துறை தூர்ந்ததும் வணிகர்கள் புதிய முகத்துவாரத்தில் காயலை அமைத்தனர், பிறகு அதுவும் தூர்ந்தது என்பது அவர் கண்ட முடிவு. பழையகாயலின் பொட்டல்வெளியில் சீனப் பீங்கான் சில்லுகள் சிதறிக் கிடந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். மொழி ஒப்பிலக்கணத்துக்காக மட்டுமே அவரை நினைவுகூர்கிறோம். திருநெல்வேலிச் சீமையின் நிலத்தையும் அதே கூர்மையோடு படித்தவர் அவர் என்பதைச் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அந்தச் சீனச் சில்லுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய சந்தை இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் காயலில் தங்கிச் செல்வதாக எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் என்று கணக்குச் சொல்கிறார். எண்ணிக்கை கூடக்குறைய இருக்கலாம். பாண்டியர் கருவூலம் அரபுக் குதிரைக்காகத் திறந்தே இருந்தது என்பதில் ஐயமில்லை. மார்க்கோ போலோ கண்ட காயல் பழையகாயலா, ஆற்றுக்குத் தெற்கே உள்ள காயல்பட்டினமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். முகத்துவாரமே இடம் மாறிக்கொண்டிருந்த கரையில் அந்த விவாதம் எழாமலிருந்தால்தான் வியப்பு.

அரபு வணிகத்தின் தொடர்ச்சி காயல்பட்டினத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பழைய பள்ளிவாசல்களின் வளாகங்களில் அரபு எழுத்துப் பொறித்த மீசான் கற்களை, அதாவது கல்லறைக் கற்களை, காணலாம். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் தழைத்த ஊர்களில் இதுவும் ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா பிறந்ததும் இங்கேதான். வீட்டைப் பெண்மக்களுக்கு எழுதிக் கொடுப்பதும், மணம் முடித்த மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழ்வதும் ஊர் வழக்கம். ஆண்கள் கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் வியாபாரத்துக்குப் போய் மாதக்கணக்கில் தங்கிவிடும் ஊரில், வீடு பெண்ணின் பெயரில் இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு! கடல்வணிகத்தோடு பொருந்திப் போன குடும்ப அமைப்பு என்றே இதைக் கொள்ளத் தோன்றுகிறது. விருந்தில் பரிமாறும் வட்டிலப்பம் இலங்கை முஸ்லிம்களின் சமையலறையிலும் அதே பெயரோடு இருக்கிறது.

ஆற்றின் இன்றைய முகத்துவாரத்தில் இருப்பது புன்னைக்காயல். 1530களில் முத்துப்பார் உரிமையை ஒட்டி எழுந்த பூசலில் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் துணையை நாடினார்கள். ஆயிரக்கணக்கில் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் நெடுங்காலம் தங்கிப் பரதவர்களிடமே தமிழ் கற்றார். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. ‘அடியார் வரலாறு’ 1586இல் வெளிவந்தது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் மொழி தமிழ் என்று பெருமையோடு சொல்கிறோமே, அந்தப் பெருமையில் இந்த மீனவர் குடியிருப்புக்கும் பங்கு உண்டு. அதை உரக்கச் சொல்பவர்கள்தான் குறைவு.

தூத்துக்குடியின் எழுச்சி இதற்கு அடுத்த கட்டம். அது ஆற்றுமண் எட்டாத வடக்கில், தீவுகளின் மறைவில் அமைந்த துறை. 1658இல் டச்சுக்காரர்கள் அதைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள், பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பனிமய மாதா பேராலயத்தின் ஆகஸ்ட் 5 திருவிழாவில் பல சமயத்தாரும் கூடுகிறார்கள். தூத்துக்குடிப் பரதவரின் இருபதாம் நூற்றாண்டுக் கதையை நாவலாக்கிய ஜோ டி குருஸ் அதற்கு ‘கொற்கை’ என்று பெயரிட்டார். 2013இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பழைய துறையும் புதிய துறையும் ஒன்றே என்று அந்த எழுத்தாளர் உணர்ந்திருக்கிறார்.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அப்படி உணர்வதில்லை. கொற்கை பாண்டியர் வரலாற்றுக்கும், காயல்பட்டினம் இஸ்லாமிய வரலாற்றுக்கும், புன்னைக்காயல் கிறித்தவ வரலாற்றுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. தாமிரபரணியின் கழிமுகத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் இவை ஒரே துறைமுகத்தின் அடுத்தடுத்த இடங்கள். துறை நகர்ந்தது, அங்கே வந்து சேர்ந்த மக்களில் பலர் நகரவில்லை. பழைய துறையில் உழவும் கோயிலும், அடுத்ததில் பள்ளிவாசலும் வணிகமும், அதற்கடுத்ததில் மாதா கோயிலும் வலையும் என ஒருவரையொருவர் அகற்றாமல் அருகருகே தங்கியிருக்கிறார்கள். இந்தப் பண்பாட்டுப் பன்மைக்கு அரசர்களையும் சமயங்களையும் மட்டும் காரணம் காட்டினால் போதாது. கரை நகர்ந்ததற்கும் அதில் பெரும் பங்கு இருக்கிறது.

இவர்களைக் கடலில் இணைத்தது முத்துச் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு. பாரில் சிப்பி முற்றிவிட்டது என்று தெரிந்தால் மாசி, பங்குனியில் கடல் அமைதியான நேரம் பார்த்துச் சலாபம் அறிவிக்கப்படும். குளியாள் கல்லைக் காலில் இடுக்கி இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். கயிறு அசைந்ததும் இழுத்தாக வேண்டும். குளியாளின் மூச்சு அவர் கையில் இருப்பதால், தங்கை கணவனைச் சாகவிட மாட்டான் என்று மைத்துனனிடமே கயிற்றைக் கொடுப்பது வழக்கம் என்பார்கள். குளியாள்களில் பரதவரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கும் முத்தில் பங்கு இருந்தது. அரசருக்குப் பத்தில் ஒன்று, மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று என்கிறார் மார்க்கோ போலோ. கடல்கட்டி எனப்பட்ட அந்த மந்திரக்காரருக்கு ஆங்கிலேய அரசும் 19ஆம் நூற்றாண்டில் ஊதியம் கொடுத்தது. அவர் வராமல் குளியாள்கள் கடலில் இறங்க மறுத்தார்கள் என்பதே காரணம். தூத்துக்குடிக் கடலில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது.

இதற்கிடையே கரையை மாற்றும் வேலையை ஆற்றைவிட மனிதர்களே அதிகம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். 1873இல் முடிந்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும், 1940களில் எழுந்த பாபநாசம் அணையும், பின்னர் மணிமுத்தாறு அணையும் தண்ணீரைத் தேக்கின. தண்ணீரோடு வண்டலும் தேங்கியது. இன்னொரு பக்கம், சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப் பார்கள் வெட்டி எடுக்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு தேய்ந்து சிறுத்தது. 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டு, அரிப்பைத் தடுக்கும் முயற்சி நடக்கிறது. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 2001இல் பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பும் கிடைத்தது. இரண்டும் தேவையானவை, இரண்டும் தாமதமாக வந்தவை.

1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியின் புதிய துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் அலைதாங்கிச் சுவர்கள் போடப்பட்டன. பழையகாயலைச் சுற்றி உப்பளங்கள் வெள்ளையாக விரிந்து கிடக்கின்றன. அவ்வூரில் அணுசக்தித் துறைக்கான சிர்கோனியம் ஆலையும் இருக்கிறது. சீனப் பீங்கான் சிதறிக் கிடந்த வெளியில் எவ்வளவு பங்கு கைபடாமல் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து வேலி போடுவது தொல்லியல் துறையின் உடனடிக் கடமை.

மீனவர்களின் கோரிக்கை இதைவிட அன்றாடமானது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தயாராகும் கடலோர மேலாண்மை வரைபடங்களில் மீனவர் குடியிருப்புகளும், வலை உலர்த்தும் இடமும், படகு ஏற்றும் கரையும் இடம்பெற வேண்டும். பல கடலோர ஊர்களில் இவை விடுபட்டுள்ளதாக மீனவர் அமைப்புகள் முறையிட்டு வருகின்றன. புன்னைக்காயல், காயல்பட்டினம், பழையகாயல் போன்ற ஊர்களில் அந்த வரைபடத்தைத் திருத்தும்போது, எந்தப் பார் எங்கே இருக்கிறது, முகத்துவாரம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறவர்களைக் கூட வைத்துக்கொண்டு கோடு போட வேண்டும்.