மண்மாரியில் தப்பிய ஊர்

காவிரிக்கரை ஊர்களின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்கள் முதலில் அரசர்களின் வமிசாவளியைப் புரட்டுவது வழக்கம். ஆனால் தெற்கே வெண்ணாறும் வடக்கே காவிரியும் ஓட, அந்தக் காவிரியிலிருந்தே குடமுருட்டி பிரிந்து புறப்படுகிற இடத்தில் அமைந்த திருக்காட்டுப்பள்ளியைப் பொறுத்தவரை, எந்த மன்னரைக் காட்டிலும் ஆற்று வண்டலே மூத்த சரித்திர கர்த்தா என்று சொன்னால் அது மிகையாகாது.

ரயிலில் வருகிற பிரயாணி பூதலூரில் இறங்கவேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வந்து சேர்ந்த இருப்புப் பாதை 1862-இல் திருச்சிராப்பள்ளி வரை நீண்டபோது, ஆற்றுக்கால்கள் நெருங்கிய இந்தப் பக்கம் திரும்பாமல் தெற்கே ஒதுங்கியே போய்விட்டது. ஆகையால் பூதலூரிலிருந்து வடக்கே வயல்களின் நடுவே செல்லும் சாலையில் வெண்ணாற்றைக் கடந்துதான் இந்த ஊருக்கு வரவேண்டியிருக்கிறது.

ஊருக்குள் கால் வைத்ததும் விசாரிக்கத்தக்கது சர் சிவசாமி ஐயர் பெயரைத் தாங்கிய மேல்நிலைப் பள்ளி. அருகிலுள்ள பழமார்நேரியில் 1864-இல் பிறந்து, சென்னையில் அட்வகேட் ஜெனரலாகவும், சென்னை, காசி சர்வகலாசாலைகளின் துணைவேந்தராகவும் விளங்கி, 1922-இல் சர்வதேச சங்கத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்த அப்பெரியவர், தம் சம்பாத்தியத்தில் கணிசமான பகுதியைக் கல்விக்கே அர்ப்பணித்தார். மயிலாப்பூரில் பெண்களின் பள்ளிக்கும், பிறந்த மண்ணில் இந்தப் பள்ளிக்கும் அவர் செய்த தர்மம், பட்டணத்துக்குப் போனவர்கள் ஊரை மறந்துவிடுவார்கள் என்கிற பொதுப் பேச்சுக்கு ஒரு நல்ல மறுப்பு.

கடைத்தெருவில் சிறிது நின்றால் வண்டலின் கைவண்ணம் கண்ணுக்குத் தெரியும். நஞ்சையின் நெல்லோடு, ஆற்றோரப் படுகைகளில் விளைந்த வாழையும் இவ்வட்டாரத்தின் ஜீவனம். காயாகத் தார், கட்டுக்கட்டாக இலை, கூடையில் பூ, தண்டு, நார் என்று ஒரு மரத்தில் விலைபோகாத அங்கம் ஏதும் இல்லை.

இனி அக்னீஸ்வரர் ஆலயம். தீயாடியப்பர் என்று தமிழில் வழங்கும் இந்தப் பெருமான், அம்பிகை சௌந்தரநாயகியோடு எழுந்தருளியிருக்கும் இத்தலத்தைச் சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கிறார்கள். கடலோரத்தில் திருவெண்காட்டுக்கு அருகே இதே பெயரில் இன்னொரு தலம் இருப்பதால், இதனை மேலைத் திருக்காட்டுப்பள்ளி என்பார்கள். ராஜகோபுரத்தைக் கடந்து சந்நிதியை நெருங்குகிறவர், மற்ற கோவில்களில் போல் படி ஏறுவதில்லை. தரைமட்டத்திலிருந்து படிகளில் கீழே இறங்கித்தான் மூலவரைத் தரிசிக்கவேண்டும். சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள பழைய ஆலயம் இது. அக்காலத்துக்குப் பின் எத்தனையோ வெள்ளங்களில் படிந்த வண்டலும், தலைமுறை தலைமுறையாக மனைகள் இடிந்து எழுந்த மேடும் சேர்ந்து சுற்றுப்புறத்தை உயர்த்திவிட, கர்ப்பக்கிருகம் மட்டும் தன் பழைய மட்டத்திலேயே நின்றுவிட்டது என்று ஊகிப்பது தவறாகாது.

ஸ்தல புராணமும் மண்ணைப் பற்றியே பேசுகிறது. உறையூர் மன்னனுக்கு நாள்தோறும் நந்தவனத்துச் செவ்வந்தி மலர்கள் இரண்டு வர, அவன் இரு மனைவியருக்கும் ஒவ்வொன்று கொடுத்தானாம். மூத்தவள் தன் மலரை ஈசனுக்குச் சாத்தினாள். இளையவள் கூந்தலில் சூடிக்கொண்டாள். சிவத்துரோகத்தால் உறையூரை மண்மாரி மூடிற்று. மூத்தவள் இருந்த திருக்காட்டுப்பள்ளி பிழைத்தது. இதைப் பக்திக் கதையென்று மட்டும் கொள்ள எனக்கு மனமில்லை. ஒரே இரவில் கரை உடைந்து, விடியும்போது வீடும் வயலும் சேற்றின் அடியில் கிடப்பதைக் கண்ட ஜனங்களே மண்மாரி என்பதைக் கற்பித்திருக்க முடியும். 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை அனுபவித்த காவிரிக்கரை மூத்தோர்களுக்கு அந்தச் சொல்லின் பொருளை யாரும் விளக்கவேண்டியிருந்திராது.

கோவிலிலிருந்து ஆற்றுத் துறைக்குப் போகலாம். ஆடிப் பதினெட்டில் ஊர்ப் பெண்கள் காதோலையும் கருகமணியும் காப்பரிசியும் வைத்துப் படைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொள்வது புதுவெள்ளத்தை எதிர்கொண்டு அழைத்த காலத்தின் ஆசாரம். முக்கொம்பில் 1836-இல் ஆரம்பமான மேலணையும், 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் அந்த வெள்ளத்துக்கு நேரமும் அளவும் விதித்துவிட்டன. குறுவைக்கு ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்பதே இப்போது குடியானவனின் முதல் கேள்வி.

இந்த மாறுதலால் கிடைத்த க்ஷேமத்தைக் குறைத்துப் பேசுவது நன்றியில்லாத காரியம். ஆனால் அணை, நீரை மட்டும் தேக்குவதில்லை. நீர் சுமந்துவரும் வண்டலையும் தன் மடியிலேயே இருத்திக்கொள்கிறது. எந்த மண்ணுக்கு முன்னோர் அஞ்சினார்களோ அதே மண்தான் படுகையைப் பொன் விளையும் பூமியாக்கிற்று. அந்த மண்ணின் வரவு குறைந்ததற்கு ஈடாக இன்று மூட்டை மூட்டையாக உரம் வாங்கவேண்டியிருக்கிறது. பயத்திலிருந்து பெற்ற விடுதலைக்கு மிராசுதாரும் குத்தகைதாரும் வருஷந்தோறும் செலுத்திவரும் விலை அது.