நினைவுமீட்டல்: முதியோர் பராமரிப்பில் படைப்புச் செயல்கள்

நினைவுமீட்டல் என்பது, பழைய பொருள், பாட்டு, மணம், கைவேலை முதலியவற்றைத் தூண்டுதலாகக் கொண்டு, பிறர் பராமரிப்பில் வாழும் முதியவர் தம் கடந்த வாழ்வைத் தாமே சொல்லவோ பாடவோ செய்துகாட்டவோ இடமளிக்கும் முறையாகும். மறதிநோய் எனப்படும் டிமென்ஷியா கண்டவர்களுக்கே இது பெரிதும் கையாளப்படுகிறது என்றாலும், வீட்டையும் ஊரையும் விட்டு முதியோர் இல்லம் வந்து சேர்ந்த, நினைவு மங்காதவர்களுக்கும் பொருந்தும். இழந்த நினைவாற்றலை இம்முறை திருப்பித் தருவதில்லை. எஞ்சியிருக்கும் நினைவை அடைய வேறு வாயில்களைத் திறந்துவைக்கிறது. அவ்வாயில்களுள் தாய்மொழியே முதன்மையானது என்பதைக் கேரளத்தின் தமிழ் எல்லைப்புறங்கள், பாலக்காட்டுச் சமவெளியின் எலப்புள்ளி முதல் இடுக்கியின் தேயிலை மலைகள் வரை, தெளிவாக உணர்த்துகின்றன.

முதியவர் பழங்கதை பேசுவதை அறிவுத் தளர்ச்சியின் அடையாளமாகக் கருதிவந்த காலத்தில், அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், வாழ்வின் இறுதியை நெருங்குபவர் தம் வாழ்நாளை மறுபடி எண்ணிப் பார்ப்பது இயல்பான செயலே என்று வாதிட்டு, அதற்கு 'வாழ்க்கை மீள்பார்வை' என்று பெயரிட்டார். லண்டனில் பாம் ஷ்வைட்சர் 1983இல் தொடங்கிய ஏஜ் எக்ஸ்சேஞ்ச் அமைப்பு முதியோரின் நினைவுகளை நாடகமாக்கியது. ஆன் பாஸ்டிங் 1990களின் இறுதியில் அமெரிக்காவில் உருவாக்கிய டைம்ஸ்லிப்ஸ் முறையோ, 'நினைவிருக்கிறதா' என்ற கேள்வியையே விலக்கி, ஒரு படத்தைக் காட்டி, கூடியிருப்போர் சொல்வதையெல்லாம் திருத்தாமல் எழுதிக் கதையாக்கியது. சரி, தவறு என்ற சோதனை நீங்கினால் பேச்சு வரும் என்பதே இதன் அடிப்படை. மறதியுள்ளவர் முன் நின்று 'நான் யார், சொல்லுங்க பார்ப்போம்' என்று உறவினர் கேட்பது தமிழ் வீடுகளில் அன்றாடக் காட்சியாதலால், இந்தக் கருத்து இங்கு மிகவும் வேண்டப்படுவது.

பத்து வயது முதல் முப்பது வயதுக்குள் நடந்தவையே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்பதையும், பெயரும் தேதியும் மறந்த பின்னரும் கை பழகிய தொழிலும் இளமையில் கேட்ட இசையும் நெடுநாள் நிலைக்கின்றன என்பதையும் உளவியலார் கண்டுள்ளனர். மொழியின் பங்கு பற்றி வியோரிகா மரியனும் உல்ரிக் நைசரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் ரஷ்ய மொழியில் கேட்டபோது ரஷ்ய மொழிச் சூழலில் வாழ்ந்த காலமும், ஆங்கிலத்தில் கேட்டபோது ஆங்கிலச் சூழலில் வாழ்ந்த காலமும் மிகுதியாக மேலெழுந்தன.

பாலக்காடு–பொள்ளாச்சி சாலையை ஒட்டிய எலப்புள்ளிப் பகுதிக்கு இதன் பொருள் ஆழமானது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவாகும்வரை பாலக்காடு, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இன்று எண்பதைக் கடந்தவர்கள் பிறந்தது ஒரு மாநிலம், முதுமையடைந்தது இன்னொரு மாநிலம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த வழிசெய்கிறது. மனுவுக்குக் கிடைத்த அந்த இடம், மலையாளம் வழங்கும் முதியோர் இல்லத்தின் கூடத்திலும் படுக்கையருகிலும் தமிழுக்குக் கிடைத்தாக வேண்டும். கொங்குத் தமிழ் பேசி வளர்ந்த மூதாட்டியை 'அம்மாயி' என்றோ 'ஆத்தா' என்றோ அழைப்பதே நினைவுமீட்டலின் முதல் படி.

இப்பகுதிக்குரிய செயல்களை வெளியில் தேட வேண்டியதில்லை. புள்ளி வைத்து அரிசிமாவுக் கோலம் இடுதல், முறத்தில் நெல் புடைத்தல், பனையோலை முடைதல், பல்லாங்குழியும் தாயமும் ஆடுதல், நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடுதல் ஆகியவை கை, காது, மூக்கு வழியாக நினைவைத் தொடுகின்றன. நெல் அவிக்கும் மணம் ஒன்றே ஒரு வீட்டின் முற்றத்தை முழுவதுமாகக் கொண்டுவந்துவிடக் கூடியது. பாலக்காட்டுப் பகுதியில் வழங்கும் தோல்பாவைக்கூத்து இவ்வகையில் தனிச் சிறப்புடையது. பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடத்தில், வெள்ளைத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை ஏற்றி இரவு முழுவதும் நிகழ்த்தப்படும் இந்நிழற்கூத்தில், மலையாள மண்ணில் கம்பராமாயணப் பாடல்கள் தமிழிலேயே பாடப்படுகின்றன. இக்கூத்தின் கலைஞரான, ஷொர்ணூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த இராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அட்டையில் பாவை வெட்டி, வேட்டித் துணியைத் திரையாகக் கட்டி, ஒரு விளக்கை வைத்தால் இல்லத்திலேயே சிறிய அளவில் இதைச் செய்யலாம். இரு மொழியினரும் சேர்ந்தமர்ந்து பார்க்கத்தக்க செயல் இதைப்போல் வேறில்லை.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் நிலை வேறு. தோட்டத் தொழிலாளி ஓய்வுபெற்றதும், குடும்பத்தில் வேறு எவரும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால், 'லயம்' எனப்படும் தொடர்வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருப்பதால், வாழ்நாளின் பொருள்களில் பலவும் அதனோடு போய்விடுகின்றன. எஞ்சுவது கைப்பழக்கம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு ஒரு கிளையும் கூடையும் தந்தால் போதும். ஆனால் இம்மலைகளின் நினைவுகள் எல்லாம் இனியவை அல்ல. பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்களை மூடி 70 பேரைப் பலிகொண்ட நிலச்சரிவை அறிந்தவருக்கு மழையின் ஓசை ஆறுதல் தராது. பசியும் கடனும் சாதி இழிவும் பட்டவருக்குப் 'பழைய நல்ல காலம்' என்ற சொல்லே புண்படுத்தும். ஒப்பாரி பாடும் மூதாட்டியைத் தடுப்பதும் தூண்டுவதும் ஒருசேரத் தவறாகலாம். பாடி முடியும்வரை உடனிருப்பவர் தேவை.

பயன் அளவானது என்பதை மறைக்கத் தேவையில்லை. நினைவுமீட்டல் பற்றி 1,972 பேர் பங்கேற்ற 22 ஆய்வுகளை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டின் கோக்ரேன் மதிப்பாய்வு, பராமரிப்பு இல்லங்களில் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததைக் கண்டபோதும், விளைவுகள் சிறியவை, இடத்துக்கு இடம் மாறுபவை என்றது. குழந்தைப் பருவம் போன்ற தலைப்புகளைக்கொண்டு 14 அமர்வுகளாக நடத்தப்படும் அறிதிறன் தூண்டல் முறை, சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் பங்கேற்புடன் தமிழ்ச் சூழலில் சோதிக்கப்பட்டுள்ளது. கேரளத்தில், மறதிநோயாளருக்கான இந்தியச் சங்கம் 1992இல் கே. ஜேக்கப் ராயின் முயற்சியால் தோன்றியது. உள்ளாட்சிகள் நடத்தும் 'பகல் வீடு'கள் இச்செயல்களுக்கு ஏற்ற கூடங்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 8.6 விழுக்காடாக இருந்த அறுபது கடந்தோர் கேரளத்தில் 12.6 விழுக்காடு ஆதலால், தேவை மிகுந்த மாநிலமும் இதுவே. நினைவுமீட்டலில், பிறந்த ஊர், செய்த தொழில், பிடித்த பாட்டு, பேசக் கூடாதவை ஆகியவற்றைக் குறிக்கும் 'வாழ்க்கைப் புத்தகம்' ஒவ்வொருவருக்கும் வைக்கப்படுவது வழக்கம். மலையாளவழியில் படித்து, தமிழைப் பேச மட்டும் அறிந்த பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில், அதைக் குரல்பதிவாகச் செய்வது பொருத்தமானது. பாட்டியின் வட்டாரச் சொற்கள் அவர் குரலிலேயே அதில் கிடைக்கும்.