மோட்டாரைக் கேட்டறியும் வித்தை

ஆலைகளில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் குறித்த அளவில் நிறுத்தும் கண்ட்ரோலர்களைச் செப்பஞ்செய்வது, அநுபவமுள்ள சிலருடைய கைப்பழக்கத்தையே வெகுகாலம் நம்பியிருந்தது. அதை விதிக்குள் அடக்கியவர்கள், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து டெய்லர் கம்பெனியில் பணியாற்றிய ஸீக்லரும் நிக்கல்ஸும் ஆவர். கண்ட்ரோலரின் பெருக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போய், யந்திரம் அடங்காமலும் மிகாமலும் ஒரே சீராக ஊசலாடத் தொடங்கும் எல்லையைக் கண்டு, அவ்வெல்லைப் பெருக்கத்தையும் ஊசலின் காலத்தையும் குறித்துக்கொண்டால், முன்னதில் 0.6 பங்கும், பின்னதில் பாதியும் எட்டில் ஒரு பங்கும் எடுத்து, கண்ட்ரோலரின் பெருக்கம் முதலிய மூன்று அளவுகளையும் வைத்துவிடலாம் என்று 1942இல் அவர்கள் வெளியிட்ட முறை இன்றும் பாடநூல்களில் நிலைத்திருக்கிறது. ஆனால், யந்திரத்தை விபரீதத்தின் விளிம்புவரை நடத்திச் செல்லும் அந்தப் பரீட்சையை எல்லா ஆலைகளும் பொறுக்கமாட்டா.

மின்மோட்டார்த் துறையில் பிரச்சினை வேறு ரூபத்தில் வந்தது. நேர்மின்சார மோட்டாரில் காந்தப்புலத்தையும் முறுக்குவிசையையும் தனித்தனியே ஆளலாம். மலிவும் உறுதியும் மிக்க இண்டக்‌ஷன் மோட்டாரிலோ இரண்டும் ஒரே மின்னோட்டத்தில் கலந்து கிடக்கின்றன. அவற்றைக் கணிதத்தால் பிரித்தாளும் மார்க்கத்தை 1969இல் டார்ம்ஸ்டாட்டில் ஹாஸேயும், 1971இல் சீமன்ஸ் நிறுவனத்துப் பிளாஷ்கேயும் வகுத்தனர். புலத்தை நேரே அளக்காமல் கணக்கிட்டே அறியும் வழியில், சுழலியின் மின்தடையும் தூண்டலும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் காணக்கிடைக்காத அவ்வளவுகளில் பிழை நேர்ந்தால், பிரித்தவை மறுபடியும் கலந்துவிடும். கம்பி செம்பாயினும் அலுமினியமாயினும், ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் அதன் மின்தடை ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறுவது இச்சங்கடத்தை இரட்டிப்பாக்கியது.

கண்ட்ரோலரைச் செப்பஞ்செய்யும் கதைக்கே திரும்பினால், அதில் நான் மிகவும் போற்றுவது, ஸ்வீடனின் லுண்ட் நகரத்து ஆஸ்ட்ரோமும் ஹெக்லுண்டும் 1984இல் வெளியிட்ட உபாயத்தையே. கண்ட்ரோலரைச் சற்றே விலக்கி, மேலும் கீழும் மட்டும் மாறும் ஒரு ரிலேயை அதனிடத்தில் வைத்தால், ஊசலாட்டம் தானே பிறந்து, நாம் விதித்த சிறு வரம்புக்குள் அடங்கி நிற்கும். அதன் வீச்சையும் காலத்தையும் அளந்தால், ஸீக்லரும் நிக்கல்ஸும் அபாயத்தை மேற்கொண்டு தேடிய அதே இரண்டு எண்களும் அபாயமின்றிக் கைக்கு வந்துவிடும்.

மோட்டார்த் துறையிலும், மைக்ரோபிராஸஸர் மலிந்தபின், மோட்டாரை ஓட்டும் டிரைவே பரீட்சகனாயிற்று. சுருளில் நேர்மின்சாரம் செலுத்தி மின்தடையையும், தண்டு சுழலாதபடி சிறு துடிப்புகளை அனுப்பிக் கசிவுத் தூண்டலையும், சுமையின்றி ஓடவிட்டுக் காந்தமாக்கும் மின்னோட்டத்தையும் அளந்து, வேண்டிய அளவுகளை அது தானே கணக்கிட்டுக்கொள்கிறது. எனினும், குளிர்ந்த மோட்டாரில் அளந்தது சூடேறிய மோட்டாருக்குப் பொருந்தாது. ஆதலால், ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் அளவுகளைத் திருத்திக்கொள்ளாத டிரைவை, அது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், பூரணமானதென்று நான் ஒப்பமாட்டேன்.