ஒழுங்கமைத்தல்: நம் நெசவுத் தெரு சொல்லும் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

உங்கள் பிள்ளைகளில் பலர் மேல்நிலை வகுப்பில் வணிகவியல் படிக்கிறார்கள். மேலாண்மையின் பணிகள் என்று ஒரு பாடம் அதில் உண்டு. திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்துதல், இயக்குவித்தல், கட்டுப்படுத்துதல் என்று வரிசையாக ஒப்பிக்கிறார்கள். ஒழுங்கமைத்தலுக்கு ஓர் உதாரணம் சொல் என்றால், பெங்களூரிலோ அமெரிக்காவிலோ உள்ள பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்கிறார்கள். பொதட்டூர்பேட்டையில் பிறந்த பிள்ளை அவ்வளவு தூரம் போக வேண்டாம். தறிச் சத்தம் கேட்கும் நம் தெரு போதும்.

நான் வணிகவியல் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். அதனால் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலவே சொல்கிறேன்.

ஒழுங்கமைத்தல் என்றால் நான்கு காரியங்கள். பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரிப்பது. ஒவ்வொன்றுக்கும் தகுந்த ஆளைப் பொறுப்பாக்குவது. அந்த ஆளுக்கு வேண்டிய அதிகாரத்தைக் கொடுப்பது. கடைசியாக, பிரித்த வேலைகள் எல்லாம் ஒன்றாக வந்து சேரும்படி இணைப்பது. நம் ஊர்த் தேர்த் திருவிழா நடப்பதும் இப்படித்தான். வடம் பிடிக்க ஆயிரம் கை இருந்தாலும் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் தனி. அவர் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். இல்லாவிட்டால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும்.

இப்போது கைத்தறிக்கு வருவோம். ஒரு சேலை நெய்ய எத்தனை பேர் வேண்டும்? தறியில் உட்காருகிறவர் ஒருவர்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார். அவருக்கு முன்னால் நூலுக்குச் சாயம் போடுகிறவர் இருக்கிறார். சிட்டத்திலிருந்து நூலை இராட்டையில் சுற்றுகிறவர், பாவு ஓடுகிறவர், விடியற்காலையில் தெருவில் பாவை விரித்துக் கஞ்சி போடுகிறவர்கள், பழைய பாவின் இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறவர், நாடாவுக்குத் தார் சுற்றுகிறவர் என்று வரிசை நீளும். இதில் ஒருவர் தாமதித்தாலும் தறி நின்றுவிடும்.

ஆடம் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1776-இல் வெளியிட்ட நூலில், குண்டூசி செய்யும் பட்டறையை உதாரணமாகக் காட்டி வேலைப் பிரிவினையின் பெருமையை விளக்கினார். உலகமே அதைப் பாடமாகப் படிக்கிறது. படிக்க வேண்டியதுதான். ஆனால் அவர் எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே நம் நெசவாளர் தெருக்கள் அந்தப் பிரிவினையைக் கையால் செய்துகொண்டிருந்தன.

ஆகவே வேலையைப் பிரிப்பது நமக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பிரித்த வேலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கயிறு யார் கையில்? எந்த ரகம் நெய்வது, கூலி எவ்வளவு, துணியை யாருக்கு விற்பது என்று முடிவு செய்வது யார்? நஷ்டம் வந்தால் தாங்குவது யார்? நெசவின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விகளுக்கு வந்த வெவ்வேறு பதில்கள்தான்.

முதல் பதிலைக் கம்பெனிக்காரர்கள் காலத்தில் பார்க்கலாம். 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பிடித்ததற்கு முக்கியக் காரணம், இந்தப் பகுதியில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது. ஆனால் அவர்களால் நேரடியாக நெசவாளரிடம் போக முடியவில்லை. நடுவில் தலைமை வணிகர்கள் இருந்தார்கள். 1680-இல் காலமான காசி வீரண்ணா அவர்களில் புகழ்பெற்றவர். கம்பெனி வணிகரிடம் முன்பணம் தரும், வணிகர் தரகரிடம் தருவார், தரகர் நெசவாளரிடம் தருவார். துணி அதே வழியில் திரும்பி வரும்.

இந்தச் சங்கிலி நீளமாக இருந்ததில் நெசவாளருக்கு ஒரு நன்மையும் இருந்தது. பிடிக்காவிட்டால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு வணிகருக்கு நெய்யலாம். வறுமை இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை கையில் இருந்தது.

கம்பெனிக்கு இது சரிப்படவில்லை. துணி தன் கண் பார்வையில் தயாராக வேண்டும் என்று நினைத்தது. ஆளுநர் காலெட் காலத்தில் திருவொற்றியூர் அருகே நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம்தான் இன்றைய காலடிப்பேட்டை. 1734-இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், சுங்குராமச் செட்டியின் தோட்டம் இருந்த இடத்தில் இன்னொரு நெசவாளர் ஊரை உண்டாக்கினார். நூற்பவர், நெய்பவர், துணியில் வண்ணம் எழுதுபவர், சாயம் போடுபவர், வெளுப்பவர், கோயில் பணி செய்பவர் ஆகியோரே அங்கே குடியிருக்கலாம் என்று ஏற்பாடு. அதுதான் சின்னத் தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. அடுத்த முறை அந்த வழியாக ரயிலில் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பொருளுக்குத் தேவையான எல்லாத் தொழிலையும் ஒரே இடத்தில் சேர்ப்பது என்று இன்றைய மேலாண்மைப் புத்தகம் சொல்வதை, ஒரு பேட்டையாகவே கட்டி வைத்திருக்கிறார்கள்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனியின் கை இன்னும் நீண்டது. வணிகர்களை ஒதுக்கிவிட்டு, தன் சம்பளக் குமாஸ்தாக்களை நேராக நெசவு ஊர்களுக்கு அனுப்பியது. தறிக்கு முன்பணம் கொடுத்தவுடன் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்று தடுத்தது. கண்காணிக்கச் சேவகர்களை நிறுத்தியது. மேலிருந்து பார்த்தால் இது சிறப்பான ஒழுங்கமைப்பு. சங்கிலி குறைந்தது, கண்காணிப்பு கூடியது, துணியின் தரம் சீரானது. தறிக்குழியிலிருந்து பார்த்தால் கதை வேறு. தாமதத்துக்கும் குறைக்கும் நெசவாளரே பொறுப்பு. விலை சொல்லும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் ஹென்றி ஃபயோல். சுரங்கப் பொறியாளர். 1888-இல், நொடித்துப் போகும் நிலையில் இருந்த ஒரு சுரங்கக் கம்பெனியின் தலைமைப் பொறுப்பை ஏற்று அதை நிமிர்த்தியவர். அந்த அனுபவத்தை 1916-இல் எழுதி வெளியிட்டார். பிள்ளைகள் ஒப்பிக்கும் மேலாண்மைப் பணிகளின் பட்டியலுக்கு வேர் அதுதான். அவர் சொன்ன 14 கோட்பாடுகளில் ஒன்று, அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது. பொறுப்பில்லாத அதிகாரம் கொடுமையாகும். அதிகாரமில்லாத பொறுப்பு சுமையாகும். கம்பெனி காலத்து நெசவாளரின் கதி இந்த இரண்டாவது வகை.

பிறகு ஆலைத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கைத்தறி அழியவில்லை, ஆனால் தனியாக நெய்து தானே சந்தையில் விற்கும் நெசவாளர்கள் குறைந்துபோனார்கள். நூல் வாங்கப் பணம் வேண்டும், துணி விற்கும்வரை சாப்பிடப் பணம் வேண்டும். இரண்டையும் கொடுத்தவர் முதலாளி நெசவாளர். நூலை அவர் தருவார், கூலியைப் பெற்றுக்கொண்டு துணியைக் கொடுத்துவிட வேண்டும். அவரைக் கெட்டவராக மட்டும் பார்ப்பது நியாயம் ஆகாது. சந்தை விழும்போது துணி அவர் வீட்டில்தான் தேங்கியது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்தான் முன்பணம் கொடுத்தார். ஆனால் கடன் ஏற ஏற, வேண்டாம் என்று சொல்லும் உரிமை நெசவாளரை விட்டுப் போனது.

மூன்றாவது பதில் கூட்டுறவு. அதைத் தொடங்கி வைத்தவர்களிலும் நெசவாளர்கள் இருந்தார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து ஒரு கடையைத் திறந்தார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு என்பது அவர்கள் வழி.

நம் பக்கம் சர் பிரடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாண அரசுக்காக ஆராய்ந்து, கிராமங்களுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். 1904-இல் சட்டம் வந்தது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட முன்னோடிக் கடன் சங்கம் எங்கே தெரியுமா? இன்றைய நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில்! அந்தச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் தந்தது. 1912-இல் வந்த சட்டம் உற்பத்தி, விற்பனைச் சங்கங்களுக்கும் வழி திறந்தது. நெசவாளர் சங்கங்கள் அதன் பிறகு வளர்ந்தன.

ஒரு ஊர்ச் சங்கத்தால் மட்டும் மொத்த விலைக்கு நூல் வாங்கவோ வெளியூரில் கடை திறக்கவோ முடியாது. அதனால் 1935-இல் சங்கங்களுக்கெல்லாம் தலைமைச் சங்கம் ஒன்று உருவானது. இரட்டை வண்ணத்துப்பூச்சிச் சின்னம் போட்ட கோ-ஆப்டெக்ஸ்தான் அது. எழும்பூரில் அதன் தலைமை அலுவலகம் இருக்கும் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை பெயர். 1953-இல் மத்திய அரசு ஆலைத் துணி மீது ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட்டது. அதனால் கைத்தறிச் சங்கங்களுக்குப் புதிய பலம் கிடைத்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த காலத்தில், கைத்தறியும் கூட்டுறவும் சேர்ந்தே பேசப்பட்ட சொற்கள்.

சங்கத்தின் அமைப்பைக் கவனியுங்கள். உறுப்பினர்கள் பொதுக்குழு, அவர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு, அதற்குக் கீழே மேலாளர், கணக்கர், நூல் கொடுக்க, துணியின் தரம் பார்க்க, மடித்து அனுப்ப ஆட்கள். நெய்கிறவர் மேலாளரின் சொல்படி ரகம் நெய்கிறார். அந்த மேலாளரோ நெய்கிறவர்களின் பொதுக்குழுவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். கம்பெனி காலத்தில் அறுந்த கயிற்றின் இரண்டு முனைகளையும் காகிதத்தில் முடிச்சுப் போட்ட அமைப்பு இது.

காகிதத்தில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பொதுக்குழுவுக்கு ஆள் வராவிட்டால், வந்தவரும் கணக்கைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போனால், அதிகாரம் தானாக மேசைக்கு அந்தப் பக்கம் போய்விடும். யாரும் பிடுங்க வேண்டியதில்லை. நாமே விட்டுவிடுவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சங்கமோ முதலாளியோ, யார் புத்தகத்தைப் பிரித்தாலும் பெரும்பாலும் தறிக்கு ஒரு பெயர்தான் இருக்கும். தார் சுற்றிய அம்மாவின் பெயர் இராது. இராட்டை சுற்றிய பாட்டியும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இழை எடுத்துக் கொடுத்த பிள்ளையும் அதில் இல்லை. வேலை பிரிக்கப்பட்டது, கூலி பிரிக்கப்படவில்லை. வகுப்பில் தூங்கி விழுந்த பிள்ளைகளின் விரல்களில் சாயக்கறை பார்த்த ஆசிரியர்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய செய்தி அல்ல. வேலை செய்கிற ஒவ்வொருவரும் எழுத்தில் தெரிய வேண்டும் என்பதும் ஒழுங்கமைத்தலின் பாடம்தான்.

இன்று நம் பக்கம் விசைத்தறிச் சத்தம்தான் அதிகம். கூலிக்கு ஓட்டுகிறவருக்குத் தறி சொந்தம், கொட்டகை சொந்தம், பழுது பார்க்கும் செலவும் சொந்தம். எந்த ரகம், என்ன கூலி, எப்போது பாவு வரும் என்பதோ நூல் கொடுக்கிறவர் கையில். யோசித்துப் பாருங்கள். இயந்திரம் மாறியிருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது. பொறுப்பு ஒரு பக்கம், அதிகாரம் இன்னொரு பக்கம் என்ற அந்தப் பழைய கணக்கு மாறவில்லை. கூலி உயர்வுப் பேச்சுவார்த்தைக்கு ஒவ்வொருவராகப் போகாமல் சேர்ந்து போக வேண்டியிருப்பதும் அதனால்தான்.

என் மாணவர்களில் தறி வைத்திருப்பவர்களும் நூல் கொடுப்பவர்களும் இருக்கிறீர்கள். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையிலும் சென்னை அலுவலகங்களிலும் பத்துப் பேருக்கு மேற்பார்வையாளராக இருக்கிறவர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே விண்ணப்பம். ஒருவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தால், அதைச் செய்து முடிக்க வேண்டிய அதிகாரத்தையும் கூடவே கொடுங்கள். உங்கள் தலையில் யாராவது பொறுப்பைச் சுமத்தினால், அதற்கான அதிகாரம் எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள். திருவள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே இதற்காக எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பத்துக் குறளையும் படியுங்கள். வணிகவியல் தேர்வுக்கும் உதவும்.

சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் அடுத்த பொதுக்குழுவுக்குக் கட்டாயம் போங்கள். வரவு செலவு அறிக்கையை வாங்கிப் படியுங்கள். புரியாத வரி இருந்தால் எழுந்து கேளுங்கள். அறிக்கையை எப்படிப் படிப்பது என்று தெரியாவிட்டால் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்தே படிப்போம்.

உங்கள் வீட்டில் யார் பாவு ஓடினார்கள், யார் தார் சுற்றினார்கள் என்று கீழே எழுதுங்கள். கணக்குப் புத்தகத்தில் ஏறாத அந்தப் பெயர்கள் இங்கேயாவது ஏறட்டும்.

அனைவருக்கும் என் ஆசிகள். நலமாக இருங்கள்.