இரண்டு படச்சுருள்களும் இருபதாயிரம் போட்டோக்களும்

கருங்கல் பக்கம் ஒரு கல்யாணம் நடந்தால் போட்டோகிராபர் ஆல்பத்தோடு ஒரு பென்டிரைவும் கொடுப்பார். அதில் இரண்டாயிரம், மூவாயிரம் படங்கள் இருக்கும். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, மாமா, சித்தி என்று ஆளுக்கொரு மொபைலில் எடுத்தவை வேறு. ஐந்தாறு வருடத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்திடமே இருபதாயிரம் படங்கள் சேர்ந்துவிடுகின்றன. இவற்றை எதில் வைப்பது, எத்தனை பிரதி வைப்பது என்பது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த தலைவலி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை அது தொண்ணூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழைய கதை!

அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல்தான் மலையாள சினிமாவின் தந்தை என்று போற்றப்படுபவர். அப்போது இந்தப் பகுதி முழுவதும் திருவிதாங்கூரில் இருந்தது (தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான்). டேனியல் தன் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ தொடங்கி, 'விகதகுமாரன்' என்ற ஊமைப்படத்தை எடுத்தார். கதை, கேமரா, இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவரே. கதாநாயகியாக நடித்தவர் பி.கே. ரோஸி என்ற தலித் பெண். உயர்சாதிப் பெண்ணாக அவர் நடித்ததைப் பொறுக்காத கூட்டம் தியேட்டரில் கலவரம் செய்தது. ரோஸி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. டேனியல் கடனில் மூழ்கி, பிறகு பல் மருத்துவராகப் பிழைத்து, 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார்.

அந்தப் படம் இன்று ஒரு பிரதிகூட இல்லை. வீட்டில் கிடந்த பிலிம் சுருளைச் சின்னப் பையனாக இருந்த மகனே விளையாட்டாகத் தீ வைத்து எரித்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காலப் பிலிம் நைட்ரேட் செல்லுலோஸால் ஆனது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. குழந்தைக்கு அது மத்தாப்பு மாதிரி இருந்திருக்கும்.

படம் போனதால் அதைப் பற்றிய அடிப்படை விஷயங்களே தகராறாகிவிட்டன. வெளியான ஆண்டு 1928 என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள், 1930 என்பதே சரி என்று இப்போது பலர் வாதிடுகிறார்கள். ரோஸியின் படம் என்று புழங்கும் ஒரு புகைப்படம் உண்மையில் அவருடையதுதானா என்பதிலும் சந்தேகம் தீரவில்லை.

இனி இரண்டாவது சுருளுக்கு வருவோம். டேனியலின் உறவினரான ஆர். சுந்தர்ராஜ் நாகர்கோவிலில் படக் கம்பெனி வைத்து 1933-ல் 'மார்த்தாண்ட வர்மா' என்ற ஊமைப்படத்தைத் தயாரித்தார். இயக்கியவர் பி.வி. ராவ். (கருங்கலுக்குப் பக்கத்திலிருக்கும் குளச்சலில் 1741-ல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தாரே, அதே மார்த்தாண்ட வர்மாதான்.) சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை அடிப்படையாகக் கொண்ட இந்தப் படத்துக்கு அந்த நாவலின் உரிமையை முறையாக வாங்கவில்லை. பதிப்பாளரான கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட, படம் நிறுத்தப்பட்டுச் சுருள் பறிமுதலானது. சுந்தர்ராஜுக்கும் பெருத்த நஷ்டம்.

ஆனால் அந்தச் சுருள் பிழைத்துக்கொண்டது! யாரும் எடுத்து ஓட்டவில்லை, வெள்ளிக்காக விற்கவில்லை, குழந்தைகள் கைக்கும் எட்டவில்லை. பதிப்பாளரின் பொறுப்பில் நாற்பது வருடம் முடங்கிக் கிடந்து, 1974-ல் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு வந்தது. இந்தியாவில் 1,300-க்கும் மேல் ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. எஞ்சியவை மிகச் சிலதான். தென்னிந்திய ஊமைப்படம் என்று இன்று திரையில் போட்டுக் காட்ட 'மார்த்தாண்ட வர்மா'வை விட்டால் வேறு கிடையாது.

இரண்டும் ஒரே மாவட்டத்துக்காரர்கள் எடுத்தவை, இரண்டும் ஒரே வகைப் பிலிம், காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பிலிமின் தரத்தால் ஒன்று நின்றது, ஒன்று அழிந்தது என்று சொல்ல வழியில்லை. உடையவர் வீட்டிலிருந்தது போயிற்று, வேறொருவர் பூட்டில் வேறோர் இடத்தில் இருந்தது நின்றது. இது தற்செயலாக நடந்தது. திட்டமிட்டுச் செய்தால் அதற்குப் பெயர்தான் பேக்கப்.

காப்பகத்தில் சேர்த்துவிட்டால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. புனேயில் 2003 ஜனவரி 8 அன்று நைட்ரேட் பிலிம் வைத்திருந்த கிடங்கில் தீப்பிடித்து ஏராளமான சுருள்கள் சாம்பலாயின. அதற்கு முன்பே எளிதில் தீப்பற்றாத 'சேஃப்டி' பிலிமில் நகல் எடுக்கப்பட்டிருந்த படங்கள் மட்டும் உள்ளடக்கமாவது தப்பின. அந்தச் சேஃப்டி பிலிமுக்கும் ஒரு வியாதி உண்டு. வெப்பத்திலும் ஈரத்திலும் அது மெல்லச் சிதைந்து வினிகர் வாடை அடிக்கத் தொடங்கும், பிறகு சுருங்கி வளையும். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் பழைய நெகட்டிவ்களைப் பீரோவில் வைத்திருப்பவர்கள் ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நல்லது.

திட்டமிட்டுச் சேமித்ததற்கு உதாரணம் வேண்டுமானால் புதுச்சேரிக்குப் போக வேண்டும். 1955-ல் தொடங்கப்பட்ட அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்து தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் ஊர் ஊராகப் போய்ப் படம்பிடித்தது. சேர்ந்தவை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவற்றை ஊர், கோயில் வாரியாக வகைப்படுத்தி வைத்து, பிற்பாடு டிஜிட்டலாகவும் மாற்றினார்கள். அதன் பலன் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜர் சிலையை 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. அது அந்தக் கோயில் நடராஜர்தான் என்று நிரூபிக்க உதவியவை புதுச்சேரியில் இருந்த பழைய படங்கள். 2014 செப்டம்பரில் சிலை இந்தியா திரும்பியது. படம் இருந்தும், எந்த ஊர் எந்தக் கோயில் என்று குறித்து வைக்காமல் போயிருந்தால் ஒன்றரை லட்சத்தில் அந்த ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி?

சரி, வீட்டிலிருக்கும் இருபதாயிரம் படங்கள்? ஒரு படம் 4 எம்.பி. என்றால் மொத்தம் 80 ஜி.பி.தான். ஒரு சின்ன ஹார்ட் டிஸ்கில் அடங்கிவிடும். இடம் பிரச்சினையே இல்லை, பிரதிகள்தான் பிரச்சினை. அமெரிக்கப் போட்டோகிராபர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய 3-2-1 என்றொரு கணக்கு உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில். கடைசி நிபந்தனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி குளச்சல் கடற்கரை வீடுகளுக்குள் புகுந்தபோது ஒரே அலமாரியில் இருந்த ஆல்பமும் நெகட்டிவும் சேர்ந்தேதான் போயின. ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி ஒரே மேசை டிராயரில் போட்டு வைப்பதும் அதே மாதிரிதான். குமரி மாவட்டத்தில் வளைகுடாவிலோ சென்னையிலோ ஆள் இல்லாத குடும்பம் குறைவு. லீவுக்கு வந்து திரும்பும் அண்ணனிடம் ஒரு டிஸ்கைக் கொடுத்தனுப்பினால் வேறு ஊர்ப் பிரதி தயார், செலவும் அதிகமில்லை.

பென்டிரைவ் கைமாற்றத்துக்கு மட்டும்தான். வீட்டில் எழுதிய பழைய சி.டி.க்களில் பல இப்போதே படிக்க மறுக்கின்றன, படித்தாலும் அதைப் போட்டுப் பார்க்க டிரைவ் உள்ள லேப்டாப் கிடைப்பதில்லை. இணையச் சேமிப்பு வசதியானது, ஆனால் அதன் விதிகள் நம் கையில் இல்லை. 2015-ல் கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசம் என்றது, 2021 ஜூன் 1-லிருந்து புதிய படங்களுக்கு அந்தச் சலுகையை நிறுத்தியது. ஃபிளிக்கர் ஒரு டெராபைட் தந்தது, 2018-ல் அதை ஆயிரம் படங்களாகக் குறைத்தது. தவிர, மொபைலும் இணையமும் ஒத்திசைந்து இருந்தால் மொபைலில் தவறி அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். எனவே அதை மூன்றில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், ஒரே பிரதியாக வைக்கக் கூடாது. ஹார்ட் டிஸ்கையும் வருடம் ஒருமுறை திறந்து சில படங்களைப் பார்த்து, ஐந்தாறு வருடத்தில் புதிய டிஸ்குக்கு மாற்றிவிட வேண்டும். ஓலைச்சுவடிகளைத் தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்து எழுதியவர்கள் செய்ததும் இந்த வேலைதான்.

கேமரா தானாக வைக்கும் எண்ணுக்குப் பதில் போல்டருக்கு ஆண்டு, ஊர், நிகழ்ச்சி என்று பெயரிடுவதற்கு ஒரு மாலை நேரம் போதும். படத்தில் இருக்கும் பெரியவர்களின் பெயர்களை ஒரு சின்ன டெக்ஸ்ட் பைலில் எழுதிக் கூடவே போடலாம். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டிய வேலை அது.