இளையோர் பணி யாரிடமிருந்து தொடங்க வேண்டும்? அமெரிக்காவில் கரேன், கரேன்னி அகதிக் குடும்பங்களை முன்வைத்து

அமெரிக்காவில் பர்மாவைச் (மியான்மர்) சேர்ந்த கரேன், கரேன்னி அகதி இளையோருக்காக நடக்கும் தொண்டு நிறுவனங்களின் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கின்றன: மாலைநேரப் பாடம், கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவி, கால்பந்து, புத்தாண்டு விழாவுக்கு நடனப் பயிற்சி. எதுவும் வீண் அல்ல. ஆனால் குறை பிள்ளைகளிடம் இருக்கிறது, அதை நிரப்பினால் போதும் என்ற எண்ணம் இவற்றுக்கு அடிப்படையாக அமைந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அதை ஏற்கவில்லை. இப்பிள்ளைகளை அழுத்தும் சுமையில் கணிசமான பங்கு வீட்டின் அலுவல். அலுவலகத்துக்கும் பெற்றோருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்பதால் வருவது. அந்த இடத்திலிருந்து பிள்ளையை விடுவிப்பதே இளையோர் பணியின் முதல் வேலை. அதற்குப் பெற்றோரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெற்றோர் ஒன்றும் தெரியாமல் வந்தவர்கள் அல்லர். தாய்லாந்து எல்லையில் உள்ள ஒன்பது முகாம்களில் பெரியதான மே லா 1984-இல் தாக் மாகாணத்தில் அமைந்தது. கரேன்னியர் மே ஹோங் சோன் மாகாணத்தில் பான் மை நை சோய் முதலிய முகாம்களில் வாழ்ந்தனர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் தாய்லாந்து கையெழுத்திடவில்லை. முகாமை விட்டு வெளியேறவோ வெளியே வேலை பார்க்கவோ தடை இருந்தது. ஆனால் முகாமுக்குள் நிர்வாகம் பெருமளவு அகதிகளின் கையிலேயே இருந்தது. முகாம் குழுவும் பகுதித் தலைவர்களும் அவர்களே. அரிசியும் எண்ணெயும் பங்கிட்டுக் கணக்கு எழுதியவர்களும், பள்ளிகளில் ஸ்கா கரேன் மொழியில் பாடம் சொன்ன ஆசிரியர்களும் அவர்களே. 2005-க்குப் பிறகு நடந்த குழுக் குடியமர்த்தலில் பர்மிய அகதிகள் 73,000 பேருக்கு மேல் இம்முகாம்களிலிருந்து அமெரிக்கா சென்றனர். 2014 ஜனவரியில் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. பகுதித் தலைவராக இருந்து பத்துத் தெரு வழக்கைத் தீர்த்த ஒருவர் மினசோட்டாவின் செயின்ட் பாலில் மருத்துவமனை மேசை முன் வாய்மூடி உட்கார, பன்னிரண்டு வயது மகள் பேசுகிறாள் என்றால், அந்த அதிகாரம் பண்பாட்டு மோதலில் கரைந்துபோகவில்லை. அலுவலக ஏற்பாட்டில் பறிபோயிருக்கிறது. சமூகவியலாளர்களான போர்ட்டஸும் ரும்பாவும் 2001-இல் வெளியிட்ட ‘லெகசிஸ்’ நூலில் பெற்றோரும் பிள்ளைகளும் இடம் மாறிப்போவதை விவரித்தனர். அது எப்படி நடக்கிறது என்பதை அறிய, மேசைக்கு இருபுறமும் யார் என்ன மொழி பேசுகிறார் என்று பார்க்க வேண்டும்.

பெயரையே எடுத்துக்கொள்வோம். கரேன் வழக்கில் குடும்பப் பெயர் இல்லை. ஆணுக்கு ‘சோ’, பெண்ணுக்கு ‘நோ’ என்ற முன்னொட்டு மட்டும் உண்டு. கரேன்னியரில் பலருக்கு ஆண் பெயர் ‘ரே’ என்றும் பெண் பெயர் ‘மே’ என்றும் முடியும். அமெரிக்கப் படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். விளைவாக, உறவே இல்லாத ஆண்கள் எல்லாரும் ‘ரே’ குடும்பத்தார் ஆகிவிடுகிறார்கள்; தாயும் மகனும் வேற்றுக் குடும்பத்தார் ஆகிறார்கள். பிறந்த தேதி தெரியாதவருக்கு ஜனவரி 1 என்று பதியப்பட்டிருக்கும். காப்பீடு, உணவு உதவி, வாடகை என்று ஒவ்வொரு கடிதமும் இந்தச் சிக்கலோடு வீட்டுக்கு வரும். குடியமர்த்தல் முகமையின் தொடக்க உதவியோ முதல் 90 நாளுக்குத்தான். பெற்றோர் வேலைக்குப் போகும் இடம் பல ஊர்களில் இறைச்சி ஆலை. தெற்கு டகோட்டாவின் ஹியூரனில் வான்கோழி ஆலையை நம்பியே கரேன் சமூகம் வளர்ந்தது. முறைவேலை முடித்துவரும் தாய்க்கு ஆங்கில வகுப்பு எட்டாக்கனி. கடிதத்தைப் பிள்ளை பிரிக்கிறது.

பிள்ளை மொழிபெயர்ப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஒருவர் சொல்லலாம். தேசிய மூலத்தின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி இருக்கிறது. நோயாளிக்காக மொழிபெயர்க்கச் சிறுவர்களை நம்பக்கூடாது, அவசர நிலை மட்டுமே விலக்கு என்று 2016 முதலே மருத்துவ விதி கூறிவருகிறது. ஆனால் விதி மருத்துவமனைக்குப் பொருந்துமே ஒழிய, சமையலறை மேசையில் கிடக்கும் மின்கட்டண நோட்டீசுக்குப் பொருந்தாது. தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் பர்மிய மொழிக்காரரை இணைப்பதும் உண்டு. பல கரேன்னியருக்கு அது பர்மிய ராணுவத்தின் மொழி. தெரிந்தாலும் நோயைச் சொல்ல நா எழாது.

மொழிபெயர்ப்பு பிள்ளைக்குச் சுமை என்ற கருத்துக்கு வலுவான எதிர்வாதம் ஆய்வாளர் மார்ஜரி ஃபோல்ஸ்டிக் ஒரெயானாவிடமிருந்து வருகிறது. 2009-இல் வந்த ‘டிரான்ஸ்லேட்டிங் சைல்ட்ஹுட்ஸ்’ நூல், மொழிபெயர்க்கும் பிள்ளைகளைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் பார்க்காமல் அவர்களின் திறனையும் குடும்பத்துக்கு அவர்கள் தரும் பங்களிப்பையும் முன்னிறுத்துகிறது. இதை மறுப்பதற்கில்லை. பாட்டிக்குக் கடையில் விலை கேட்டுச் சொல்லும் பிள்ளைக்கு அதில் பெருமையே. ஆனால் அவர் ஆராய்ந்த குடும்பங்கள் ஸ்பானிய மொழி பேசியவை. அம்மொழிக்கு அமெரிக்க நகரங்களில் வயதுவந்த மொழிபெயர்ப்பாளர்கள் தாராளம். கரேன்னியரில் பலர் பேசும் கயா மொழிக்கு அப்படியில்லை. வேறு ஆள் இருந்தும் தானே முன்வந்து செய்வது ஒன்று. வேறு ஆளே இல்லாததால் தாயின் கருப்பைச் சிக்கலை மகன் மருத்துவரிடம் சொல்வது இன்னொன்று. திறனை இரண்டிலும் காணலாம், தீங்கு இரண்டாவதில்தான்.

காலம் போனால் தானே தீரும் என்பாரும் உண்டு. கரேன் பிள்ளைகள் பலர் இன்று செவிலியராகவும் ஆசிரியராகவும் ஆகிவிட்டனர் என்பது உண்மை. பெற்றோரும் முதியவர்களாகி வருகிறார்கள். இனி நோயும் ஓய்வூதியமும் குடியுரிமைத் தேர்வும் முன்னைவிடக் கூடுதல் ஆங்கிலம் கேட்கும். சுமை அக்கா தோளிலிருந்து தம்பி தோளுக்கு மாறுகிறதே தவிர இறங்குவதில்லை. நிதியளிப்போர் வயது பார்த்துத்தான் பணம் தருகிறார்கள் என்பது நடைமுறைத் தடை; அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மாலைநேரப் பாட அறைக்குப் பக்கத்து அறையில் ஸ்கா கரேன், கயா பேசும் பெரியவர் ஒருவரை ஊதியத்துக்கு அமர்த்திக் கடிதம் படித்துச் சொல்லவைப்பதை இளையோர் திட்டக் கணக்கிலேயே எழுதலாம். பிள்ளை பள்ளியைத் தவறவிட்ட நாட்களில் பெற்றோரின் அலுவலுக்காகப் போனவை எத்தனை என்று எண்ணினால் நிதியளிப்போருக்குக் காட்டும் சான்றும் அதுவே. ஸ்கா கரேன் படிப்பவருக்கு எழுதிய மொழிபெயர்ப்பு உதவும். கயாவுக்கு 1962-இல் உருவான தனி எழுத்து உண்டு என்றாலும் எல்லாரும் அதைக் கற்றவர் அல்லர். அங்கே வாய்ப்பேச்சே வழி. இரு மக்களையும் ஒரே பெயர்ப்பலகையில் சேர்க்கும் நிறுவனங்கள் கவனிக்கத் தவறும் வேறுபாடு இது.

2008-இல் தொடங்கிய மினசோட்டா கரேன் அமைப்பு, கரேன் மக்களே நடத்துவது. வேலை, உடல்நலம், குடியுரிமை, இளையோர் என எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருப்பதில் முகாம் குழுவின் பழக்கம் தெரிகிறது. இத்தகைய அமைப்புகளுக்கு இப்போது நெருக்கடி கூடியிருக்கிறது. ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தோருக்கு மொழியுதவி வேண்டும் என்று 2000-இல் பிறப்பிக்கப்பட்ட 13166ஆம் அதிபர் ஆணை 2025 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது. ஆறாம் பகுதி இன்னும் சட்டமாக இருக்கிறது. அதைச் செயல்படுத்தச் சொல்லும் கூட்டாட்சி அழுத்தம்தான் தளர்ந்தது. மினசோட்டா, நியூயார்க், டெக்சஸ் மாநில அரசுகளிடமும் ஊர்ப் பள்ளி மாவட்டங்களிடமும் கயா மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கேட்பது கலைநிகழ்ச்சிக்குப் பணம் கேட்பதைவிடக் கடினம். இளையோர் அமைப்புகள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.